பல வருஷம் கவனிக்காத உடம்பைத் திரும்பப் பிடிக்க: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "உடற்பயிற்சி ஏதாவது செய்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம், வயலும் வரப்புமா வளர்ந்த உடம்பு" என்பார். வளர்ந்தது வாஸ்தவம்தான். இப்போது உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலைப் பார்த்துவிட்டு வர பைக். ஏர் பிடித்தவருக்கும் நாற்று நட்டவருக்கும் போட்ட சோற்றின் அளவு மட்டும் குறையவே இல்லை. சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை சோறு விழுகிறது. வயல் பக்கமே போகாத கடைக்காரர், வங்கி ஊழியர், ஆசிரியர் வீட்டிலும் இதே கணக்குதான்.

பத்துப் பதினைந்து வருஷம் உடம்பைக் கவனிக்காமல் விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கல்யாணத்துக்குத் தைத்த சட்டை பித்தான் போட மறுக்கிறது, சுகர் 'பார்டர்ல' இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: முதல் மாதம் எடையைப் பற்றி நினைக்காதீர்கள். நடை ஒரு பழக்கமாகட்டும், சாப்பாட்டின் அளவு கண்ணில் படட்டும். எடை அதற்குப் பிறகுதான் அசையும். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, ராத்திரி சோற்றை அடியோடு நிறுத்தி, வாரக் கடைசியில் முட்டி வீங்கிப் படுத்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆரம்பித்த வேகம் தப்பு.

முதலில் பரிசோதனை

காலையில் வெறும் வயிற்றில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதல் நாள் இரவு நேரத்தோடு சாப்பிட்டுவிடுங்கள், காலையில் காபி குடிக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காபி இல்லாத இரண்டு மணி நேரம்தான் முழுப் பரிசோதனையிலும் கஷ்டமான பகுதி. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின், கொலஸ்டிரால், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். முடிந்தால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள். அங்கே இல்லாத பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கோ லேபுக்கோ போகலாம். வீட்டில் நடமாட முடியாத பெரியவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். அவர்கள் வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது? ரத்த அழுத்தம் பல தடவை பார்த்தும் 140/90-க்கு மேலேயே நின்றால் அது பிரஷர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குள் இருந்தால் நல்லது, 100 முதல் 125 வரை பார்டர், 126-க்கு மேல் என்றால் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டிய சர்க்கரை நோய். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5-லிருந்து நோய். பார்டரில் இருப்பவர்கள்தான் அதிகம் அலட்சியமாக இருக்கிறார்கள், ஆனால் நடையாலும் சாப்பாட்டாலும் அதிகப் பலன் கிடைப்பதும் அந்தக் கட்டத்தில்தான். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. "கொஞ்சம் நடந்தாலே அசதியா இருக்கு" என்று சொல்லும் பெண்கள் பலருக்கு முதலில் வேண்டியது உடற்பயிற்சி இல்லை, இரும்புச்சத்து மாத்திரை.

அப்புறம் ஒரு தையல் டேப் எடுத்து இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் டேப் ஏமாறும், உடம்பு ஏமாறாது. நம்மவர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை இயந்திரத்தைவிட நான் இந்த டேப்பைத்தான் நம்புவேன்.

நெஞ்சு அழுத்தமோ வலியோ எப்போதாவது வந்தவர்கள், இதய நோய் இருந்தவர்கள், பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் மிக அதிகமாக இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்த பிறகே ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல் இருந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே நின்று உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். 'வாயு'வாக இருக்கும் என்று சோடா குடித்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடக்கும்போது சட்டைப் பையில் நாலைந்து மிட்டாயோ குளுக்கோஸோ வைத்திருங்கள். கை நடுங்கி, படபடத்து, வியர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டு 15 நிமிஷம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. இப்படி ஒரு தடவை நடந்தாலே மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

எங்கே நடப்பது

இந்த விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊருக்கு ஊர் குளம், குளத்தைச் சுற்றித் தெரு. மன்னார்குடியில் 'கோயில் பாதி, குளம் பாதி' என்பார்கள். ஹரித்ராநதி என்ற அந்தக் குளம் சுமார் 23 ஏக்கர், ஒரு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். திருவாரூரில் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்ற கணக்குப்படி (ஒரு வேலி ஆறரை ஏக்கர் சொச்சம்) கமலாலயக் குளம் அதைவிடப் பெரியது. புதிதாக ஆரம்பிக்கிறவர் அங்கே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கும்பகோணத்தில் மகாமகக் குளம் ஆறு ஏக்கர் சொச்சம், சுற்று சிறியது, முதல் வாரத்துக்குத் தோதானது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது, கல்லணைக் கால்வாய்க் கரை இருக்கிறது (தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது புது ஆறு). குளத்தைச் சுற்றுவதில் ஒரு தொந்தரவு உண்டு: பாதிச் சுற்றில் களைத்தாலும் மீதிப் பாதியை நடந்தே ஆக வேண்டும். அதனால் முதல் சில நாள் ஒரு கரையிலேயே போய்த் திரும்புங்கள்.

2023 நவம்பரில் அரசு ஆரம்பித்த 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து வருஷமாக நடக்காதவர் அந்தப் பலகையைப் பார்த்து முதல் நாளே எட்டு கிலோமீட்டரையும் நடந்துவிட வேண்டாம்.

கோயில் பிராகாரம் பலருக்குப் பிடித்த இடம். நிழல் இருக்கும், வண்டி வராது, தரிசனமும் ஆகும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் அது ஆபத்து. வெயில் ஏறிய கருங்கல்லில் கால் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் விடியற்காலையில் மட்டும் சுற்றி, வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மற்ற நேரம் செருப்போ ஷூவோ போட்டு வெளியில் நடப்பதுதான் நல்லது.

ஆற்றங்கரையும் வரப்பும் பார்க்க அழகு, இருட்டில் வேண்டாம். நெல் வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். டார்ச்சும் மூடிய ஷூவும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பார்வை பார்ப்பது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. மெயின் ரோட்டில் நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக, வெளிர் நிறச் சட்டையில் நடங்கள்.

ஷூ வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும். கால் அப்போதுதான் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். விலை அதிகமான கம்பெனி ஷூ தேவையில்லை, குதிகால் ஆடாமல் பிடித்தால் போதும்.

முதல் மாதம்: நடை மட்டும்

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். "பத்து நிமிஷம் ஒரு நடையா?" என்று தோன்றும். தோன்றட்டும். இன்னும் நடக்கலாம் போலிருக்கிறதே என்ற ஆசையோடு வீடு திரும்புகிறவர்தான் மறுநாளும் கிளம்புவார். மூன்றாம், நான்காம் வாரம் இருபது நிமிஷம். இரண்டாம் மாதத்தில் முப்பது நிமிஷம், வாரத்துக்கு ஐந்து நாள். கூட்டினால் 150 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். அங்கே போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் குடி முழுகிப் போகாது.

வேகம் எவ்வளவு? கூட நடக்கிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் குறையுங்கள். ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்தும் வியர்க்கவில்லை என்றால் கொஞ்சம் எட்டிப் போடுங்கள்.

எப்போது நடப்பது என்பதில்தான் பெண்களுக்குப் பிரச்சினை. காலை ஐந்திலிருந்து எட்டு வரை கோலம், காபி, டிபன், பிள்ளைகளின் டப்பா என்று அடுப்பை விட்டு நகர முடியாது. 'அதிகாலையில் நடங்கள்' என்ற அறிவுரை அந்த வேலையெல்லாம் செய்யாதவர்கள் எழுதியது. ஒரே மூச்சாக அரை மணி நடக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, சாயங்காலம் பத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் பத்து. சாப்பிட்ட பிறகு நடப்பதில் கூடுதல் லாபமும் உண்டு, அப்போது ஏறும் சர்க்கரையை அந்த நடை மட்டுப்படுத்தும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடர் பார்க்கும் வீட்டில், விளம்பர நேரத்தில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தால் அதுவும் நடைதான்.

கெண்டைக்காலும் தொடையும் முதல் வாரம் வலிக்கும். நடந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து, இரண்டு மூன்று நாளில் போகும் வலி தசை வலி. பயப்பட வேண்டாம், அன்றைக்கு மெதுவாக நடங்கள். முட்டிக்குள் குத்துவது, வீங்குவது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது வேறு விஷயம். அதற்கு நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் சமதளத்தில் சைக்கிள் ஓட்டலாம். நம் ஊரில் மேடே கிடையாது, சைக்கிளுக்கு இதைவிட நல்ல பூமி தமிழ்நாட்டில் குறைவு.

சாப்பாடு: தட்டை மாற்ற வேண்டாம், ரவுண்டைக் குறையுங்கள்

நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு சோற்றை விட்டுவிடு என்று சொல்வது நடக்காத காரியம். ஓட்ஸ் வாங்கி இரண்டு வாரம் சாப்பிட்டு மூன்றாம் வாரம் அந்த டப்பாவில் கடுகு போட்டு வைத்த வீடுகள் நிறைய. ஒரு கப் வடித்த சோறு, அதாவது சுமார் 150 கிராம், ஏறக்குறைய 200 கலோரி. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் எத்தனை கரண்டி சோறு விழுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். பரிமாறுகிறவர்தான் எண்ண வேண்டும், சாப்பிடுகிறவருக்குக் கணக்கு தப்பும்.

பிறகு இதைச் செய்து பாருங்கள். சாம்பாருக்கோ குழம்புக்கோ ஒரு தடவை மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மோரையும் டம்ளரில். நாலு ருசியும் அப்படியே இருக்கும், இரண்டு மூன்று ரவுண்டு சோறு மட்டும் காணாமல் போகும். நான் பார்த்த வரையில் டெல்டா வீடுகளில் நிலைத்து நின்ற ஒரே சாப்பாட்டு மாற்றம் இதுதான், ஏனென்றால் சமைக்கிறவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சோறு குறைந்த இடத்தில் காய் வர வேண்டும். தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாரம்பரிய அரிசி பற்றிக் கேட்பார்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன் தேடித் தேடி மீட்ட ரகங்களால்தான் இன்று மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பலர் வீட்டுக்கு வந்திருக்கின்றன. தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், நல்லதுதான். ஆனால் கவுனியாக இருந்தாலும் மூன்று தட்டு சாப்பிட்டால் மூன்று தட்டு சோறுதான். அரிசியை மாற்றுவதைவிட அளவை மாற்றுவது முக்கியம், செலவும் இல்லை.

நம் சாப்பாட்டில் நிஜமாகவே குறைவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம் வேண்டும். மூன்று இட்லியும் சட்னியுமாகக் காலையை முடித்தால் இது எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயல் ஈரத்தில் நாம் தெளிக்கும் உளுந்திலும் பயறிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம். விளைகிற ஊரில் அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு நாம் வடைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். பச்சைப்பயறு சுண்டல், உளுந்தங்கஞ்சி, அடை என்று வாரத்தில் நாலு நாளாவது வரட்டும். நாகப்பட்டினம் பக்கம் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது குழம்பாக வையுங்கள், பொரித்தால் எண்ணெயும் சேர்ந்து வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

காபிக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. எட்டு டீஸ்பூன் 40 கிராம், மாதத்துக்கு 1,200 கிராம். ஒரு ஆள் காபியில் மட்டும் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சர்க்கரை! டிகிரி காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாலாவது டம்ளரை நிறுத்துங்கள். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறினால் தப்பிக்கலாம் என்பது வெறும் ஆசை, ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான்.

எண்ணெய் ஒருவருக்கு நாளுக்கு நாலு டீஸ்பூன் என்று வைத்தால், நாலு பேர் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும் என்பதை யோசித்தால் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்பது விளங்கும்.

கல்யாணப் பந்தி தனிக் கலை. "வேண்டாம்" என்று வாயால் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. "அட, ஒரு கை போட்டுக்குங்க மாப்ள, நம்ம வீட்டுக் கல்யாணம்" என்று வாளி சாய்ந்துவிடும். இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே வைத்து மறையுங்கள், அந்த மொழிதான் பரிமாறுகிறவருக்குப் புரியும். கூட்டையும் பொரியலையும் முதலில் முடித்துவிடுங்கள். திருவையாறு அசோகா இனிப்பு இலையில் விழுந்தால் சாப்பிடுங்கள், இரண்டாம் தடவை வாங்காதீர்கள். அடுத்த வேளைக்கு ரசமும் காயும் போதும்.

இரண்டாம் மாதம்: கொஞ்சம் வலு

நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் வயதானால் கரையும் தசையை அது முழுவதும் காப்பாற்றாது. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிஷம், வீட்டிலேயே.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முக்கியமானது. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் மொசைக் தரையில் வழுக்கி ஓடும். நுனியில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை முன்னால் நீட்டி, கை ஊன்றாமல் எழுந்திருங்கள். இறங்கும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். அந்த மெதுவில்தான் பலனே. கை ஊன்றாமல் முடியவில்லை என்றால் நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டுத் தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு எட்டு.

அடுத்தது சுவர் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, மார்பு சுவர்ப்பக்கம் போய்த் திரும்ப வேண்டும், இடுப்பு தொங்கக் கூடாது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கடைசியாகத் தண்ணீர் நிறைத்த இரண்டு சின்னக் குடங்களையோ கனமான இரண்டு கட்டைப் பைகளையோ கைக்கு ஒன்றாகப் பிடித்து, முதுகு நிமிர்த்தி, வாசலிலிருந்து கொல்லை வரை நடங்கள். பழைய நீளமான ஓட்டு வீடுகள் இதற்கென்றே கட்டியவை போலிருக்கும்.

எதைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் ஏறும். ஆழத் தோப்புக்கரணமும் பஸ்கியும் இளவட்டங்களுக்கு விட்டுவிடுங்கள், முட்டி பழகிய பிறகு பார்க்கலாம்.

வெற்றிலை, புகையிலை, குடி

சாப்பாட்டுக்குப் பின் கொழுந்து வெற்றிலை என்பது இந்த மண்ணின் வழக்கம். வெற்றிலை வம்பு செய்வதில்லை. அதோடு போகும் சீவலும் புகையிலையும்தான் வம்பு. பாக்கு தனியாகவே புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை உதறி, வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

பருவம் பார்த்து நடங்கள்

ஆரம்பிக்கச் சிறந்த காலம் தை, மாசி. அறுப்பு முடிந்து கையில் நேரம் இருக்கும், காற்றும் இதமாக இருக்கும். மார்கழியிலேயே விடிகாலை ஒலிபெருக்கி உங்களை எழுப்பிவிட்டிருக்கும், அந்தப் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பின் சூடு இறங்காது, அதனால் வேகத்தைக் குறைத்து தண்ணீரைக் கூட்டுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும்போது, சின்ன வயதில் மதகிலிருந்து குதித்த ஞாபகத்தில் இறங்கிவிட வேண்டாம். இழுப்பு அதே வேகத்தில்தான் இருக்கிறது, கைதான் முன்போல இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி நடை பல நாள் தடைப்படும். அப்போது வீட்டுக்குள் வலுப் பயிற்சியை மூன்று நாளாக்கி, நடையைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

நடவு, அறுப்பு, வீட்டு விசேஷம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். நிறுத்தும்போது முப்பது நிமிஷம் நடந்திருந்தால் பதினைந்தில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள்.

ஊர் வாய்

மூன்றாவது மாதம் சட்டை தளர ஆரம்பித்ததும் ஒரு சோதனை வரும். "என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க? சுகரா?" கல்யாண மண்டபத்தில் குறைந்தது நாலு பேராவது கேட்பார்கள். அத்தை வந்து கன்னத்தைத் தொட்டு, "முகமே வத்திப் போச்சே, சரியா சாப்பிடறதில்லையா?" என்பார். பல பேர் இங்கேதான் பழைய பாதைக்குத் திரும்புகிறார்கள். "டாக்டர் சொல்லித்தான் அத்தை குறைக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள், டாக்டர் பெயருக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்று ஒட்டியிருப்பதையும், மாவு டப்பாவோடு வீடு தேடி வரும் சொந்தக்காரரையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். 80 கிலோ ஆள் நாலைந்து கிலோ குறைத்தாலே பிரஷரிலும் சர்க்கரையிலும் வித்தியாசம் தெரியும்.

மூன்று மாதம் ஆனதும்

அதே சுகாதார நிலையத்துக்கு அதே மாதிரி வெறும் வயிற்றில் போய் மறுபடி எல்லாம் பாருங்கள். எச்பிஏ1சி முந்தைய மூன்று மாதத்தைக் காட்டுவதால் அதற்கு முன்பு பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. பழைய சீட்டையும் இடுப்பளவு எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். எண்கள் இறங்கியிருந்தால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். இரண்டு சீட்டையும் டாக்டர் மேசையில் வைத்து, "குறைக்கலாமா?" என்று கேளுங்கள். இறங்கவில்லை என்றால் சோற்றுக் கரண்டிக் கணக்கையும் எண்ணெய்க் கணக்கையும் மறுபடி மூன்று நாள் எழுதுங்கள், தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த பரிசோதனைக்கான தேதியை அங்கேயே கேட்டு, வீட்டுத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.